பார்த்திபன் கனவா, சிவகாமியின் சபதமா: எதை முதலில் படிப்பது?

கல்கியின் மூன்று சரித்திர நாவல்களையும் படித்துவிடலாம் என்று முடிவு செய்கிறவர்கள் அடுத்து கேட்பது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான். நியாயமான கேள்வி. அவர் எழுதிய வரிசை ஒன்று, கதைகள் நடக்கும் காலத்தின் வரிசை இன்னொன்று.

‘பார்த்திபன் கனவு’ 1941ல் கல்கி பத்திரிகையில் தொடங்கியது. ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950ல் ஆரம்பித்து 1954ல் முடிந்தது. ஆனால் கதையின் காலத்தைப் பார்த்தால் சபதம்தான் முதலில். மகேந்திர பல்லவர் காஞ்சியை ஆண்ட நாட்களில் அது தொடங்கி, அவர் மகன் நரசிம்மவர்மர், அதாவது மாமல்லர், 642ல் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை வென்றது வரை போகிறது. அதே நரசிம்மவர்மர் நடுவயதைத் தொட்ட பிறகு நடப்பது பார்த்திபன் கனவு. பொன்னியின் செல்வன் அதற்கும் முந்நூறு வருடம் தள்ளி, சுந்தர சோழரின் கடைசி ஆண்டுகளில் நடக்கிறது. ஆக, குழப்பமெல்லாம் முதல் இரண்டு நாவல்களுக்கு இடையில்தான். இரண்டாவதாக எழுதப்பட்ட கதை, முதலாவதாக எழுதப்பட்ட கதைக்கு முன்னால் நடக்கிறது.

இன்னும் படிக்காதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதனால் முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்க மாட்டேன். எந்த இடத்தில் முடிச்சு இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறேன்.

முதலில் காலவரிசைக்காரர்களின் பக்கம். நான் அந்தக் கட்சி இல்லை, ஆனால் அவர்கள் சொல்வதில் பலம் உண்டு. மாமல்லர் என்கிற மனிதரை இளைஞராக, காதலனாக, அப்பாவின் நிழலில் பொறுமையிழந்து நிற்கும் இளவரசனாக நமக்குக் காட்டுவது சபதம். நான்கு பாகம் அவரோடு நடந்துவிட்டு வருகிறவருக்கு, பார்த்திபன் கனவில் வரும் சக்கரவர்த்தி வெறும் ‘நல்ல மன்னர்’ இல்லை. மகள் குந்தவியோடு அவர் சிரித்துப் பேசும் இடங்களில்கூட, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்னென்ன போயிருக்கிறது என்பது தெரியும். சபதம் படிக்காதவருக்கு அது அப்பாவும் மகளும் பேசிக்கொள்கிற சாதாரணக் காட்சி.

ஒற்றைக்கை மனிதர் ஒருவரும் இருக்கிறார். பார்த்திபன் கனவின் காபாலிகர் கூட்டத்தில் வருகிறவர். அவர் எங்கிருந்து வந்தார், பல்லவர் மேல் ஏன் அத்தனை வன்மம் என்பதற்கு முழுப் பதில் சபதத்தில்தான் இருக்கிறது. காலவரிசையில் படித்து வருகிறவருக்கு, அவர் யார் என்று வெளிப்படும் இடம் பழைய பகையாளி ஒருவன் மறுபடி எதிரே வந்து நிற்பது போல இருக்கும். எழுதிய வரிசையில் போகிறவருக்கு அந்த இடத்தில் ஒரு பெயரும் ஒரு தகவலும் கிடைக்கும், அவ்வளவுதான்.

சரித்திரப் பாடமாகவும் காலவரிசை வசதி. மகேந்திரவர்மர், நரசிம்மவர்மர், அப்புறம் சோழர் என்று ஒரு கோடு கிடைத்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விரும்புகிறார்கள்.

இத்தனை இருந்தும், முதல் தடவை படிக்கிறவருக்கு எழுதிய வரிசைதான் சரி என்பேன். பார்த்திபன் கனவு முதலில், சிவகாமியின் சபதம் இரண்டாவது.

பெரிய காரணம், பார்த்திபன் கனவின் நடுவில் இருக்கும் ரகசியம். வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில் பார்த்திப மகாராஜா விழுந்து கிடக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு சிவனடியார் வந்து நிற்கிறார். சாகப்போகிற மன்னரின் ஆசையைக் கேட்டு, மகன் விக்கிரமனை வீரனாக வளர்ப்பதாக வாக்குக் கொடுக்கிறார். அந்தச் சிவனடியார் யார் என்ற கேள்வி நாவலின் முதுகெலும்பு. கல்கி அதைக் கடைசிவரை காப்பாற்றப் படாதபாடு படுகிறார். சபதத்தை முதலில் படித்தவரிடம் இது எடுபடாது. அந்த உலகத்தில் யார் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நான்கு பாகம் பார்த்துவிட்டவர், சிவனடியார் இரண்டாவது முறை வாய் திறப்பதற்குள் ஊகித்துவிடுவார். மூன்று பாகக் கதையைத் தாங்கும் தூண் முதல் பாகத்திலேயே போய்விடும்.

சரி, எழுதிய வரிசையில் போனால் சபதத்தில் எதுவும் கெடாதா? ஏதோ கொஞ்சம் கெடும், இல்லை என்று சொல்ல முடியாது. மாமல்லர் உயிரோடு இருப்பார், சக்கரவர்த்தி ஆவார், அவருக்கு ஒரு மகள் இருப்பாள் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ‘வாதாபி கொண்டான்’ என்ற பட்டம் சரித்திரத்தில் இருக்கிறது. வாதாபி விழும் என்பது நாவலைத் திறக்காதவருக்கும் தெரியும். ஜெயிப்பாரா என்ற சந்தேகத்தை நம்பி எழுதப்பட்ட நாவல் இல்லை அது. ஒரு பெண் வாய்விட்டுச் சொன்ன ஒரு சபதத்துக்காக யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் அதன் கதை. முடிவு தெரிந்திருந்தால் அந்த வலி கூடுமே தவிர குறையாது. குந்தவியை ஏற்கெனவே அறிந்த வாசகர், ஆயனச் சிற்பியின் வீட்டில் மாமல்லரும் சிற்பியின் மகள் சிவகாமியும் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு காட்சியிலும் மனசுக்குள் ஒரு கேள்வியோடு இருப்பார்: அந்தக் குந்தவி யாருடைய மகள்? கேள்வியைக் கல்கி எங்கேயும் எழுப்பவில்லை. வரிசை தானாக எழுப்பிவிடுகிறது.

1944ல் வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களும் இப்படித்தான் படித்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பார்த்திபன் கனவு புது நினைவு. தன் வாசகர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது தொடர்கதை எழுதுகிறவருக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் மனதில் வைத்து எழுதிய வாசகனின் இடத்தில் நாமும் உட்கார வேண்டும் என்றால், அவன் படித்த வரிசையில் படிப்பதுதான் வழி.

பரஞ்சோதியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்திபன் கனவில் அவர் சிறுத்தொண்டர். போரை விட்டு, வாளை விட்டு, சிவபக்தியில் ஆழ்ந்துவிட்ட பெரியவர். பெரியபுராணம் தெரிந்தவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவர். அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு சபதத்தின் முதல் அத்தியாயங்களைத் திறந்தால், காஞ்சிக்கு நடந்து வருகிற ஒரு கிராமத்துப் பிள்ளை இருக்கிறான். படிக்க வந்தவன், ஊர் தெரியாதவன், வழித்துணைக்கு ஒரு புத்த பிக்ஷு. பட்டணத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஒரு மதயானை சிவகாமியின் சிவிகையை நோக்கி ஓடிவருகிறது. இவன் யோசிக்காமல் கையிலிருந்த வேலை வீசிவிடுகிறான். எழுதிய வரிசையில் வந்தவருக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும்: இந்தப் பையனா அந்தச் சிறுத்தொண்டர்? காலவரிசையில் வந்தவருக்கு இவன் யாரோ ஒருவன். பின்னால் பெரியவனாவான் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரியும்.

அதனால், ஒற்றைக்கை மனிதர் விஷயத்தில் காலவரிசை ஜெயிக்கிறது, பரஞ்சோதி விஷயத்தில் எழுதிய வரிசை ஜெயிக்கிறது. சிவனடியார் ரகசியத்தையும் தராசில் வைத்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பார்த்திபன் கனவு சின்ன நாவல், வேகமானது. ஆற்றங்கரை, படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி, செண்பகத் தீவு, ரத்தின வியாபாரி என்று துள்ளிக்கொண்டு போகும். சிவகாமியின் சபதம் கனமானது. அதன் இரண்டாம் பாகமான ‘காஞ்சி முற்றுகை’ நிதானமாக நகரும், பொறுமை கேட்கும். எடுத்தவுடன் சபதத்தில் இறங்கி, முற்றுகையில் மாட்டிக்கொண்டு, புத்தகத்தை மூடி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்கள் மூன்றாம் பாகத்தைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மாறாக, சபதத்தை முடித்த கையோடு பார்த்திபன் கனவை எடுத்தால் அது மெலிந்து தெரியும். அது நாவலின் குறை இல்லை. அதைவிட ஆழமான ஒன்றை நாம் முன்னாலேயே படித்துவிட்டோம்.

இந்த வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதில்லை. சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா நூல்கள் ஏழு, 1950 முதல் 1956 வரை வந்தவை. முதலில் வந்தது நான்கு குழந்தைகள் ஓர் அலமாரி வழியாக வேறொரு உலகத்துக்குப் போகும் கதை. அந்த உலகம் உருவான கதையை அவர் 1955ல், ஆறாவது நூலாக வெளியிட்டார். ஆனால் பல வருடங்களாக ஆங்கிலப் பதிப்புகளில் அந்த ஆறாவது நூலுக்குத்தான் 1 என்று எண் போட்டு விற்கிறார்கள். அதற்குச் சாட்சியாகக் காட்டப்படுவது, 1957ல் ஒரு சிறுவனின் கடிதத்துக்கு லூயிஸ் எழுதிய பதில். காலவரிசைதான் தனக்குப் பிடிக்கிறது என்று சிறுவன் எழுத, அவரும் அதை ஆமோதித்தார். எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லையோ என்னவோ என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஆசிரியரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன என்று கேட்கலாம். கடிதத்தைவிட நூலை நம்புவது நல்லது என்பது என் எண்ணம். முதலில் வந்த நூலில், சிங்கமான அஸ்லானின் பெயர் முதன்முதலாகக் காதில் விழும் இடத்தில், அது யார் என்று உங்களுக்குத் தெரியாதது போலவே அந்தக் குழந்தைகளுக்கும் தெரியாது என்று வாசகரைப் பார்த்தே சொல்கிறார் லூயிஸ். ஆறாவது நூலை முதலில் படித்த குழந்தைக்கு அஸ்லானை நன்றாகத் தெரியும். அந்த வாக்கியம் அந்தக் குழந்தையிடம் பொய்யாகிவிடுகிறது. எண்ணை மாற்றி அச்சடிக்கலாம், அந்த வாக்கியத்தை என்ன செய்வது?

கல்கி விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. சிவகாமியின் சபதத்தின் முன்னுரையில், பல ஆண்டுகளுக்கு முன்னால் மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்த ஒரு நாளை அவர் நினைவுகூர்கிறார். அங்கேதான் இந்தக் கதை மாந்தர்கள் தன் மனக்கண்ணில் தோன்றியதாகச் சொல்கிறார். ஆயனர், சிவகாமி, மகேந்திரர், மாமல்லர் மட்டுமில்லை, பார்த்திபன், விக்கிரமன், பொன்னன், வள்ளியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் பிறந்தவை என்றால், எந்தக் கதையை முதலில் சொல்ல வேண்டும் என்ற முடிவு அவர் கையில் இருந்தது. காலத்தால் பிந்தியதை அவர் முன்னால் வைத்தார்.

பொன்னியின் செல்வனுக்கு வருவோம். மணிரத்னத்தின் படங்கள் 2022லும் 2023லும் வந்த பிறகு, இந்த நாவலில் இருந்து தொடங்குகிறவர்கள்தான் அதிகம். தப்பே இல்லை. வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப் பதினெட்டு அன்று, வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் காட்சியைப் புரிந்துகொள்ள வேறு எந்த நாவலும் தேவையில்லை. கதை தன் காலில் நிற்கிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு கல்கி நாவல்தான் படிப்பேன் என்கிறவருக்கும் இதையே சொல்வேன். படம் பார்த்த சூட்டில் ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது, “இரு, முதலில் அந்த ரெண்டையும் முடித்துவிட்டு வா” என்று தடுப்பது பாவம். அந்த ஆசை ஆறிவிட்டால் அவர் மூன்றையுமே படிக்க மாட்டார்.

ஆனால் மூன்றையும் படிப்பது என்று தீர்மானித்துவிட்டவர் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. பார்த்திபன் கனவில் ஒரு சித்திர மண்டபம் வரும். போருக்குப் போவதற்கு முன்னால் பார்த்திபன் தன் சிறு மகனை அங்கே அழைத்துப்போய், தான் ரகசியமாக வரைந்து வைத்திருக்கும் சித்திரங்களைக் காட்டுகிறார். புலிக்கொடி பறக்கும் சேனை, கடலில் போகும் கப்பல்கள். அதைக் காட்டுகிற நேரத்தில் அவர் பல்லவருக்குக் கப்பம் கட்ட வேண்டிய, உறையூரைச் சுற்றிய ஒரு சின்ன நாட்டின் ராஜா. அந்தக் கனவு விக்கிரமன் காலத்தில் நிறைவேறவில்லை, முந்நூறு வருடம் கழித்து ராஜராஜன் காலத்தில்தான் நிறைவேறியது என்று நாவலின் முடிவிலேயே கல்கி சொல்லிவிடுகிறார். இதைப் படித்துவிட்டுப் பொன்னியின் செல்வனைத் திறந்தால், சோழ நாட்டுக் கப்பல்கள் ஈழத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கின்றன. நாடு அவ்வளவு பெரிதாகிவிட்டது, இப்போது சிம்மாசனத்துக்குத்தான் சண்டை. பின்னாளில் ராஜராஜனாகும் அருள்மொழிவர்மன் கப்பலில் வரும்போது அந்தச் சித்திர மண்டபம் ஞாபகத்துக்கு வரும். தலைகீழாகப் படித்தவருக்கு இது கிடைக்காது. அவருக்குப் பார்த்திபனின் சித்திரங்கள், ஏற்கெனவே நடந்து முடிந்த சங்கதி.

பெயர்க் குழப்பத்தைப் பற்றியும் எச்சரித்து வைக்கிறேன். பார்த்திபன் கனவில் ஒரு குந்தவி, அவள் பல்லவ நரசிம்மவர்மரின் மகள். பொன்னியின் செல்வனில் ஒரு குந்தவை, அவள் சுந்தர சோழரின் மகள். முன்னதில் அருள்மொழி என்பது பார்த்திபனின் ராணி, பின்னதில் அருள்மொழிவர்மன் இளவரசன். பொன்னியின் செல்வனை முதலில் படித்துவிட்டு வருகிறவர்கள் பார்த்திபன் கனவில் கொஞ்ச நேரம் தடுமாறுவார்கள். இரு கதைகளுக்கும் நடுவில் முந்நூறு வருடம் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நாவல்களின் வரிசையில்தான் இத்தனை வாதம். ஒரே நாவலின் பாகங்களில் வாதத்துக்கே இடம் இல்லை. பொன்னியின் செல்வனின் ‘புதுவெள்ளம்’ தொடங்கி ‘தியாகச் சிகரம்’ வரை ஐந்தையும் அப்படியே வரிசையாகப் படிக்க வேண்டும். படம் பார்த்தாச்சே, முதல் பாகத்தைத் தாண்டிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். படத்துக்காகக் கதையை நிறையச் சுருக்கியிருக்கிறார்கள். வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலில் அவளை நினைத்து அழுதவர்கள் பலர்.

நூலகத்தில் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு வேறு சிக்கல். முதல் பாகமும் மூன்றாம் பாகமும் அலமாரியில் இருக்கும், இரண்டாம் பாகம் மட்டும் யாரிடமோ மாட்டிக்கொண்டிருக்கும். அதற்காக மூன்றாவதற்குத் தாவ வேண்டியதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் மூன்று நாவல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. விடுபட்ட பாகத்தை மட்டும் போனில் படித்துவிட்டு மறுபடி புத்தகத்துக்கு வந்துவிடலாம். பொன்னியின் செல்வனின் கடைசியில் ஒரு முடிவுரை இருக்கிறது. கதை முடிந்ததும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கி அதில் பதில் சொல்கிறார். பக்கம் புரட்டும்போது கண்ணில் பட்டால் உடனே மூடிவிடுங்கள். முக்கியமானவர்களின் கதி எல்லாம் அங்கே இருக்கிறது.

துப்பறியும் கதைகளுக்கு இந்தச் சட்டம் எதுவும் பொருந்தாது. சுஜாதாவின் துப்பறியும் வக்கீல் கணேஷ் ‘நைலான் கயிறு’ நாவலில் அறிமுகமாகும்போது அவருடைய உதவியாளர் வசந்த் கூட இல்லை. அதைப் பிறகு படித்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒவ்வொரு வழக்கும் தனித்தனி. எது கைக்குக் கிடைக்கிறதோ அதில் ஆரம்பிக்கலாம். ஷெர்லாக் ஹோம்ஸும் அப்படித்தான், ஒரே ஒரு இடம் தவிர. 1893ல் ஆசிரியர் கோனன் டாயில் அவரை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். 1903ல் திரும்பக் கொண்டுவந்தார். அந்த இரண்டு கதைகளை மட்டும் முன்பின் மாற்றாமல் படித்தால் சரி. நாயகன் வயதில் வளர்ந்துகொண்டே போகிற ஹாரி பாட்டர் ஏழு நூல்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒன்றிலிருந்து ஏழுதான்.

மறுபடி கல்கிக்கு வந்தால், இரண்டாவது முறை படிக்கிறவருக்குக் காலவரிசையைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். முடிச்சுகள் எல்லாம் தெரிந்துவிட்டன, இனிக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. சபதத்தை முடித்துவிட்டு அடுத்த நாளே பார்த்திபன் கனவைத் திறந்தால், முதல் முறை வேகத்தில் ஓடிப்போன காட்சிகள் கனத்துத் தெரியும். சிவனடியார் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அப்போது இரண்டு அர்த்தம் இருக்கும். ஒற்றைக்கை மனிதர் வரும் இடமும் முழு பலத்தோடு வேலை செய்யும். நேரம் இல்லாதவர்கள், சபதம் முடிந்ததும் பார்த்திபன் கனவின் மூன்றாம் பாகத்தை மட்டுமாவது திரும்பப் படிக்கலாம்.

பொன்னியின் செல்வன் முடிந்து கை பரபரக்கிறவர்களுக்கு, மற்றவர்கள் எழுதியவை காத்திருக்கின்றன. எழுத்தாளர் விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ கல்கி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்கிறது. அதனால் மனிதர்கள் நினைவில் இருக்கும்போதே, இடைவெளி விடாமல் படித்துவிட வேண்டும். பாலகுமாரனின் ‘உடையார்’ ராஜராஜன் பேரரசனான பிறகு நடப்பது, நடையும் பார்வையும் வேறு. கல்கியின் குரல் காதிலிருந்து இறங்கக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு எடுத்தால் அதற்கு நியாயம் செய்ததாகும். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ ராஜேந்திரன் காலத்துக் கதை, 1963ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், கல்கியைப் படிக்காதவர்கள்கூட.